முப்பது வயது மாருதியை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் கணவர் 1996-ல் தருமபுரியில் வாங்கிய மாருதி 800 வீட்டில் நிற்கிறது. அவர் தவறி 14 மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டியை யாரும் எடுக்கவில்லை. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வரும் நவம்பரோடு முடிகிறது. பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் வண்டியைக் கேட்கிறார்கள். "தகடூர்க்காரன் கொடுக்க யோசிக்கக் கூடாது" என்று, தருமபுரியின் பழைய பெயரைச் சொல்லி, அவர் அடிக்கடி சொல்வார். அதனால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் சேலத்தில் இருக்கும் அக்காவை அழைத்துக்கொண்டு ஒகேனக்கலும் தீர்த்தமலையும் ஒருமுறை போய்வர ஆசை. தம்பி மகன் ஓட்டுவான். வண்டி தாங்குமா? தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிக்க முடியுமா? டேஷ்போர்டுக்குள் அவர் 28 வருடமாக எழுதிய பெட்ரோல் நோட்டு இருக்கிறது. அதையும் வண்டியோடு கொடுத்துவிடுவதா?

பதில்:

அம்மா, வணக்கம். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். வண்டியை இல்லத்துக்குக் கொடுக்காதீர்கள். பயணத்தைக் கட்டாயம் போய் வாருங்கள். அப்புறம் வண்டியை விற்று, அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கொடுங்கள்.

உங்களுக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கும் என்று தெரியும். அவர் ஓட்டிய வண்டி நாலு பெரியவர்களுக்குப் பயன்படட்டும் என்று நினைக்கிறீர்கள். இதே நினைப்பில் நானும் ஒரு வண்டியைக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் ஏன் தடுக்கிறேன் என்று புரியும்.

கிருஷ்ணகிரியில் ஒர்க்‌ஷாப் தொடங்கிப் பத்து வருடம் ஆனபோது என்னிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. நானே இன்ஜின் பிரித்துப் போட்ட வண்டி. நன்றாக ஓடியது. குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு அதைக் கொடுத்தேன். சாவியைக் கொடுத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 என்ற இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டு, மீதியை நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே யாருக்கும் அதற்கு நேரம் இல்லை. முதல் வருடம் இன்சூரன்ஸ் கட்டினார்கள். இரண்டாவது வருடம் அரிசிக்கே பணம் பற்றவில்லை, இன்சூரன்ஸ் விட்டுப்போனது. ஒருநாள் காய்கறி ஏற்றி வரும்போது அந்த வேன் ஒரு டி.வி.எஸ். 50 மேல் மோதி, அந்த டி.வி.எஸ். ஓட்டி வந்தவருக்குக் கால் உடைந்தது. இழப்பீட்டு வழக்கு நோட்டீஸ் என் வீட்டுக்குத்தான் வந்தது, ஏனென்றால் ஆர்.சி.யில் என் பெயர்தான் இருந்தது. அந்தப் பணத்தை நான்தான் கட்டினேன். இல்லத்தின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அடிபட்டவர் கூலி வேலை செய்பவர். அவர் ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை என்பதுதான் இன்றுவரை மனதை உறுத்துகிறது. வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் நல்ல தொகை கிடைத்திருக்கும்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தானமாகக் கொடுத்தேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

இல்லத்தின் பக்கம் நின்றும் யோசித்துப் பாருங்கள். வண்டி இலவசமாக வரும். அதன் பின்னால் வருவது எதுவும் இலவசம் இல்லை. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி, வருடம் 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நவம்பரில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். நாலு டயர், ஒரு பேட்டரி, ஒரு டிரைவர். இதையெல்லாம் கூட்டினால், மாதத்தில் நாலைந்து தடவை ஒரு பெரியவரை கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு வாடகை காரில் கூட்டிப்போய் வருவதற்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். முதியோர் இல்லத்துக்கு வண்டி எதற்குத் தேவைப்படுகிறது என்று நான் பார்த்தவரை, பெரும்பாலும் இதற்குத்தான். அவசரம் என்றால் 108 வந்துவிடும். மூட்டு வலியோடு ஒருவர் மாருதி 800-ன் பின்சீட்டில் ஏறி இறங்குவதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் கணவர் சொன்ன தகடூர்க் கதையில் அதியமான் கொடுத்தது நெல்லிக்கனி. வாங்கிய ஔவைக்கு அதனால் ஒரு செலவும் வரவில்லை.

இன்னொரு யோசனையும் உங்களுக்கு வரலாம். வண்டி நம்மிடமே இருக்கட்டும், வாரம் ஒருநாள் தம்பி மகனை விட்டு அந்தப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லலாம் என்று. நல்ல மனசுதான். ஆனால் பழைய காருக்கு நாம் வழக்கமாகப் போடும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், சாலையில் போகிறவருக்குத்தான் பாதுகாப்பு. வண்டிக்குள் உட்கார்ந்து வருபவருக்கு அதில் இழப்பீடு கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கிடைக்கும். முப்பது வயது வண்டிக்கு அதைக் கொடுக்கும் நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வயதானவர்களை வாரா வாரம் ஏற்றிப்போகும் வண்டிக்கு இந்த ஓட்டை இருக்கக் கூடாது.

சரி, பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முதல் படி இதுதான், இதைத்தான் நம் ஊரில் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. பதற வேண்டாம், தாமதத்துக்கு உண்டான தொகையைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். படிவம் 31. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதம், பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். அவர் பென்ஷன் வேலைக்காக வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள். பெயர் மாறியதும் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இது முடியாமல் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம், ஒகேனக்கலுக்காகக்கூட.

இப்போது பயணம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வண்டி தாங்குமா என்றால், தாங்கும். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த இன்ஜின். இதைவிட எளிமையான இன்ஜினை நான் பிரித்ததில்லை. 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தியும் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் முப்பது வயது வண்டி வேறு, 14 மாதம் நின்ற முப்பது வயது வண்டி வேறு. நிற்கிற வண்டி உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் தம்பி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பேட்டரியை மாற்றிவிட்டுச் சாவியைத் திருகிப் பார்க்க வேண்டாம். முதலில் பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். வண்டி நின்றால் அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்கும், அந்தத் துரு கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் என்ற சின்னத் துளைக்குள் போய் உட்காரும். 1996-ல் போட்ட ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி, விரிந்து, வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஹோஸையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. அதன் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் நாலு சுற்று சுற்றிய பிறகுதான் செல்ஃப் போட வேண்டும்.

பிரேக்கை நான் நேரில் பார்த்தே ஆக வேண்டும். நின்ற வண்டியில் பின்சக்கர வீல் சிலிண்டர் இறுகிப்போயிருக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் ஆயில் சூடேறி, அதில் கலந்த தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், அதனால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. பழைய ஆயில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது விட்டால் இந்தப் பயம் வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்று இருந்தால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நம்பி மலையில் இறங்காதீர்கள்.

அக்காவை சேலத்திலிருந்து இந்த வண்டியில் அழைத்து வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காரணம் தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்தக் கணவாய் முழுவதும் இறக்கம். நம் வண்டி எப்படி இருந்தாலும், பின்னால் பாரம் ஏற்றி வரும் லாரியின் பிரேக் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு வருபவர்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே நடந்த பல விபத்துகளில் சின்ன வண்டிகள்தான் நடுவில் நசுங்கின. அக்கா பஸ்ஸிலோ ரயிலிலோ தருமபுரி வந்துவிடட்டும். அங்கிருந்து நீங்கள் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் காட்டுக்குள் இறக்கம். மேலே ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் கீழே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்வது; தம்பி மகனுக்கும் அதைச் சொல்லுங்கள். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அவன் வயதுப் பையன்கள் பலர் சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் குமிழ்) பிடித்து வண்டி எடுத்ததே இல்லை. பயணத்துக்கு முன் ஒரு வாரம் காலையில் காவேரிப்பட்டணம் வரை ஓட்டிப் பழகட்டும். வண்டிக்கும் அது நல்லது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது உள்ளே பயணிப்பவர்களுக்கான விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆடி, ஆவணியில் கர்நாடகத்தில் மழை பலமாகப் பெய்தால் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து வரும் தண்ணீரால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை போடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது தருமபுரி வழியாக வராமல் பாப்பாரப்பட்டி, பாலக்கோடு வழியாக வரலாம். லாரி நெரிசல் குறைவு. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் பத்து நிமிடம் இறங்குங்கள். நீங்கள் ஆசிரியை, பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். இன்ஜினும் அதற்குள் ஆறிவிடும். தீர்த்தமலையை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் வரை வண்டிக்குச் சிரமம் இல்லை, அதற்கு மேல் படிகள்தான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் வண்டியைவிட நீங்கள் இருவரும்தான் களைத்துப்போவீர்கள்.

வந்த பிறகு விற்பனை. நவம்பருக்கு முன் விற்பது நல்லது. ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்து படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் விற்கப்போகிற வண்டிக்கு நீங்கள் அந்தப் பத்தாயிரத்தைக் கட்ட வேண்டாம் என்பது என் யோசனை. வாங்குபவரிடம் நிலைமையைச் சொல்லி, விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் கொண்டுவந்ததுபோல 15 வருடம் ஆன பெட்ரோல் கார் ஓடவே கூடாது என்ற தடை நமக்கு இல்லாததால், பழைய 800-ஐ விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். யார் வாங்கினாலும் பெயர் மாறியதற்கான ரசீதைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். புரோக்கர் "நான் பார்த்துக்கிறேன்மா" என்றால் சம்மதிக்காதீர்கள்.

வாங்க ஆள் இல்லை என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், ஆர்.சி.யும் முறையாக ரத்தாகும். இரும்புக் கடையில் போட்டால் வண்டி போய்விடும், பெயர் மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீசில் உயிரோடு இருக்கும்.

வரிக் கேள்விக்கு என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 80ஜி என்று நமக்குப் பழகிய சலுகை பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. காராக, அரிசியாக, துணியாகக் கொடுத்தால் கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் வராது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். இல்லத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், கொடுத்த பிறகு நன்கொடைச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதற்கும் வரம்பு உண்டு. இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. புதிய முறையில் இந்தச் சலுகையே இல்லை, உங்கள் பென்ஷன் பெரும்பாலும் புதிய முறையில்தான் போய்க்கொண்டிருக்கும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு வரி வராது. ஆக, வரிக்காக இதைச் செய்யாதீர்கள், உங்களுக்கு அந்த எண்ணமும் பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன்.

பணத்தை மொத்தமாகக் கொடுப்பதா, மாதா மாதம் கொடுப்பதா என்று இல்லத்தை நடத்துகிறவரிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கு என்று சொல்லி மாதம் ஒரு தொகை போனால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி கேட்டது அதற்காகத்தானே. அவர் பெயரில் அனுப்புங்கள்.

நோட்டு மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாங்குபவர் கேட்பார், பழைய வண்டிக்கு இப்படி ஒரு நோட்டு இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதைக் கொடுங்கள், போதும். 28 வருடம் எந்தத் தேதியில் எந்த ஊரில் எத்தனை லிட்டர் போட்டோம் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார் என்றால், நீங்கள் இருவரும் எங்கெல்லாம் போனீர்கள் என்பது முழுவதும் அதில் இருக்கிறது. ஒகேனக்கல் பயணத்தின் பெட்ரோலையும் கிலோமீட்டரையும் அவர் எழுதிய கடைசி வரிக்குக் கீழே உங்கள் கையால் எழுதுங்கள். அக்காவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றம் முடிந்ததும் வண்டியை இழுத்து வரும் வாகனத்தில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள், ஓட்டி வர வேண்டாம். நோட்டையும் கூடவே அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார் என்று அதில்தான் பார்க்க வேண்டும்.